கப்பலில் வந்ததாகச் சொன்ன கடிதம்

அந்தக் கடிதம் வந்த அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கல்லாவில் முதலாளி. அவருக்கு எதிரே சீட்டித் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள். அவருக்கு அளந்து கொடுக்கக் கஜக்கோலோடு நின்ற மூத்த சிப்பந்தி. சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டுப் படியேறிய தபால்காரர். பில் எழுதும் பலகைக்குப் பின்னால் நான். ஆறாவதாக யாரும் இல்லை. இதை எத்தனை தடவை எண்ணிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இவர்களில் யார் அந்த உறையைப் பார்த்தார்கள், யார் அதில் ஒட்டியிருந்த நீலச் சீட்டைக் கவனித்தார்கள், யார் என்றைக்கு எங்கே வாய் விடுவார்கள் என்று முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் போட்டிருக்கிறேன். துணி வாங்க வந்த அந்த அம்மாளுக்கு, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்திருந்த எழுமலைப் பக்கம் சொந்தம் இருக்குமோ என்று நினைத்துக்கூடத் தூக்கம் கெட்டிருக்கிறது.

தபால்காரர் உறையை நீட்டிக்கொண்டே, “என்ன மாப்ள, சிங்கப்பூர்ல அண்ணனுக்குச் சம்பளம் கூடிருச்சா? காயிதம் ஏரோப்ளேன்ல பறந்து வருது!” என்றார். முதலாளி விடவில்லை. “தங்கச்சி கல்யாணத்துக்கு ரூபா அனுப்பியிருப்பான். எம்புட்டுன்னு பாத்துச் சொல்லுப்பா, நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உறையின் மேல் இருந்தது அண்ணன் கையெழுத்து இல்லை. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். பரீட்சைத் தாளைக் கண்டால் கை நடுங்கி மைக்கூட்டைக் கவிழ்த்துவிடுவேன் என்றுதான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டேன். ஆனால் அன்றைக்கென்று பார்த்து எனக்குப் பயமே வரவில்லை. அண்ணனுக்குக் கையில் ஏதோ அடிபட்டிருக்கும், அடுத்தவரை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் பின்னால் துணிக்கட்டுகள் அடுக்கியிருந்த அறைக்குப் போய்ப் பிரித்தேன்.

அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ராமநாதபுரத்துக்காரர் எழுதியிருந்தார். விஷக் காய்ச்சல் எட்டு நாள் இருந்ததாம். புதன்கிழமை விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. நம்மூர் ஆட்கள் கூடி அங்கேயே காரியம் செய்துவிட்டார்கள். அடுத்தாற்போல் இப்படி எழுதியிருந்தார்: ‘தந்தி அடிக்கச் சொன்னார்கள். கல்யாண வீட்டில் தந்தி போய் இறங்க வேண்டாம் என்று நான்தான் தடுத்துவிட்டேன். இதைக் கப்பல் தபாலில் போடுகிறேன். கல்யாணம் முடிந்த பிறகு உங்கள் கைக்கு வரும். பக்குவமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.’ அதை மூன்று தரம் படித்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தேன். விமானத் தபாலுக்கு ஒட்டுகிற நீலச் சீட்டு மூலையில் பளிச்சென்று இருந்தது. என்ன நடந்தது என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் கடிதத்தைப் போடச் சொல்லிக் சரக்குக் கிட்டங்கி குமாஸ்தாவிடம் கொடுத்திருக்கிறார். அந்தக் குமாஸ்தா நல்ல மனுஷன். சாவுச் செய்தி கடலில் அசைந்து அசைந்து போவதாவது என்று, தன் கையிலிருந்து போட்டு விமானத் தபாலில் சேர்த்துவிட்டார். முகம் தெரியாத ஒருவருடைய இரக்கம் என் தலையில் வந்து விடிந்தது.

ஏனென்றால் அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம்.

எங்கள் வீட்டில் அப்போது நான்கு பேர்தான். அப்பா, நான், தங்கச்சி, மதினி. அம்மா நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டாள். மதினி எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் அண்ணன் கப்பலேறினான். அதற்குப் பிறகு நான்கு வருஷம், கோச்சடையில் அந்த இரண்டு கட்டு வீட்டையும் ஆற்றோரத்து ஒரு ஏக்கர் நிலத்தையும் எங்கள் மூன்று பேரையும் தூக்கி நிறுத்தியது மதினிதான். தங்கச்சிக்குத் தலை பின்னிவிட்டது முதல் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பணியாரம் சுட்டது வரை எல்லாம் அவர் கைதான். மாப்பிள்ளைக்கு எழுமலையில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு, நல்ல குடும்பம். பங்குனியில் நாள் குறித்திருந்தோம். மாப்பிள்ளையின் பெரியப்பா தவறிப்போனதால் ஆனிக்குத் தள்ளிப்போனது. அப்போதே ஊரில் ரெண்டொருவர், “பேச்சு எடுத்ததுமே ஒரு உசுரு போயிருச்சே” என்று இழுத்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் நல்லவர். ஆனால், “இன்னொரு தடை வந்தா நான் ஊரு வாயை அடைக்க முடியாது மச்சான்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். ஆனி போனால் ஆடி. இரண்டாவது சாவும் விழுந்தது என்றால் இந்தச் சம்பந்தம் மட்டுமல்ல, தங்கச்சிக்கு வேறு சம்பந்தமும் வராது. இரண்டு உயிரைத் தின்ற ஜாதகம் என்று எழுதி ஒட்டிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் பங்காளிக்குள் ஒரு சாவு விழுந்தால் பதினாறு நாள் முடிகிற வரை நல்ல காரியம் கிடையாது. ஆனால் தீட்டு, செத்த நாளில் ஒட்டுவதில்லை. காதில் விழுந்த நேரத்தில்தான் ஒட்டும். கொழும்பிலும் ரங்கூனிலும் ஆள் இருந்த வீடுகளில் இதற்குப் பழகிப்போயிருந்தார்கள். எங்கள் சின்னப் பாட்டனார் கொழும்பில் இறந்தபோது, கடிதம் இருபதாம் நாள் வந்து சேர்ந்தது. அதற்கிடையில் இங்கே ஒரு காதுகுத்தும் ஒரு சீமந்தமும் நடந்து முடிந்திருந்தன. “கடல் தாண்டி வந்த சாவு, தலை முழுகிட்டாத் தீந்துச்சு” என்று அப்பா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடல்தான் அதுவரை எங்களுக்குத் தயவு காட்டிக்கொண்டிருந்தது. ஏரோப்ளேன் வந்து அந்தத் தயவைப் பிடுங்கிக்கொண்டது.

கடையில் ஒரு கப்பல் கம்பெனிக் காலண்டர் தொங்கியது. அதில் தேசப்படம் போட்டிருந்தது. அண்ணன் போன நாளிலிருந்து, வேலை இல்லாத நேரத்தில், துணி ஓரத்து நூலை உருவி அதில் வைத்து அளந்து பார்ப்பது என் பழக்கம். மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் நேராக நூல் பிடித்தால் ஆயிரத்து எண்ணூறு மைல் சுமாருக்கு வரும். கப்பல் பினாங்கைத் தொட்டு நாகப்பட்டினம் வரும். அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடப்பதையும் சேர்த்தால் கடிதத்துக்குப் பதினாலு பதினைந்து நாள். ஏரோப்ளேன் நேராக வராது. பினாங்கு, ரங்கூன், கல்கத்தா என்று கரையைச் சுற்றிக்கொண்டு வரும். பொழுது சாய்ந்தால் இறங்கிப் படுத்துவிடுமாம். கல்கத்தாவிலிருந்து ரயில். எல்லாம் சேர்த்து ஐந்து ராத்திரி என்று தபால்காரர் விரல் விட்டுச் சொன்னார். நான் இதைப் போய் வீட்டில் சொன்னபோது மதினி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பி, “அம்புட்டுத்தானா? எழுமலைக்கு வண்டி கட்டிப் போயித் திரும்பவே நமக்கு ரெண்டு நாளாகுது” என்றார். “டிக்கெட்டு எம்புட்டு இருக்கும்?” என்று கேட்டார். “நம்ம நிலத்தை வித்தாலும் பத்தாது மதினி” என்றேன். “அப்ப வேணாஞ்சாமி, மனுசன் கப்பல்லயே வரட்டும். வந்து விதைக்க நிலம் வேணுமில்ல” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்த இடத்தில்தான், கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, நான் அந்தக் காரியத்தைச் செய்யத் துணிந்தேன். எழுதினவர் கப்பலில் வரட்டும் என்றுதானே எழுதியிருக்கிறார்? கப்பலில் வந்ததாகவே இருக்கட்டும். அடுத்த கப்பல் தபால் என்றைக்கு என்று தபால்காரரை வாசலில் மடக்கிக் கேட்டேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை என்றார். ஒன்பது நாள். கல்யாணம் முடிந்த மறுநாளே சொல்லிவிடலாம்தான். ஆனால் கப்பல் வராத நாளில் கடிதம் மட்டும் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டாலும் போச்சு. எச்சில் தொட்டு நகத்தால் சுரண்டி நீலச் சீட்டை எடுத்தேன். சாவுக் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும் என்பார்கள். வைத்திருந்தால் இன்னொன்றை அழைக்குமாம். எனக்கோ அதைக் காட்டியாக வேண்டும், கிழிக்க முடியாது. ஆனி மாதத்தில் மதுரையில் கம்பளிக் கட்டை எவரும் பிரிக்க மாட்டார்கள் என்று யோசித்து அதற்குள் செருகினேன். சாயங்காலம் போகிற வழியில் வைகையில் இறங்கினேன். முழங்கால் தண்ணீர்தான். அதில் குப்புறப் படுத்துத் தலை முழுகினேன். அழுவதற்கு எனக்குக் கிடைத்த இடம் அதுதான். பார்த்தவர்களிடம், புழுக்கம் தாங்கவில்லை என்றேன்.

வீட்டுக்குப் போனால், மதினி காகிதமும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். கல்யாண வேலையில் நான்கு நாளாக அண்ணனுக்கு எழுதவில்லையாம். மதினிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தங்கச்சி நாலாவது வரை படித்தவள்தான், ஆனாலும் கன்னிப் பெண்ணிடம் புருஷனுக்குச் சொல்லி எழுதக் கூச்சம். “நீதான் தம்பி, கடையில பில்லு எழுதுற மாதிரி காதுல வாங்காம கையில வாங்குவ” என்பார். அன்றும் சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, தலையில் வைத்த பூவைச் சரி செய்துகொண்டு, “எழுதுப்பா” என்றார். அவர் சொல்லிக்கொண்டே போனார். என் காது அன்று ஒவ்வொரு சொல்லையும் வாங்கியது. கைதான் வாங்கவில்லை. செத்தவனுக்கு அந்த வார்த்தைகளை எப்படி எழுதுவேன்? ஆனால் பேனா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதியது வேறு. ‘அண்ணே, நீ இல்லை என்று எனக்கு இன்று தெரிந்துவிட்டது. மதினிக்குத் தெரியாது, எதிரில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கச்சி கல்யாணம் முடிகிற வரை சொல்ல மாட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று தெரியவில்லை. என்னை மன்னித்துக்கொள்.’ இதையே திருப்பித் திருப்பி இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். மறுநாள் காலையில் அப்பா அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. மாப்பிள்ளைக்கு மச்சான் செய்ய வேண்டிய முறையை மூத்தவன் இடத்தில் நின்று நான் செய்தேன். மோதிரம் போடும்போது என் கை ஆடியதைப் பார்த்து மாப்பிள்ளையின் சித்தப்பா, “என்னப்பா, பொன்னு குடுக்க இம்புட்டு நடுக்கமா?” என்று கேலி செய்தார். பந்தல் முழுக்கச் சிரித்தது. மதினி தங்கச்சிக்கு மஞ்சள் பூசினார், நலங்கு வைத்தார், ஆரத்தி எடுத்தார். கைம்பெண் கை பட்ட கல்யாணம் என்று பிற்காலத்தில் யாராவது சொல்வார்கள். அப்படிச் சொன்னால் அது பலிக்கும் என்றெல்லாம் அப்போது நம்பினேன். ஆரத்தித் தட்டை மதினி கையிலிருந்து வாங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “என்ன தம்பி, சாப்பிட்டியா நீ?” என்றார். நான் பந்தலுக்கு வெளியே போய்விட்டேன்.

வியாழக்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு, நடு மத்தியானத்தில் வீட்டுக்கு ஓடினேன். ஓடி வந்தால்தான் நம்புவார்கள் என்று ஓடினேன். அதையும் யோசித்து வைத்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அப்பா அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதினி அழவில்லை, முதலில். “என்னைக்காம்?” என்று கேட்டார். சொன்னேன். விரல் மடக்கி எண்ணினார். “பதினஞ்சு நாளு. பதினஞ்சு நாளா நான் பூ வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், தம்பி” என்றார். அதில் ஆறு நாள் கடலுக்கும் கரைக்கும் ஏரோப்ளேனுக்கும் சேர வேண்டியது. ஒன்பது நாள் என்னுடையது. தெருப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எழுமலையிலிருந்து சம்பந்தி வீட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். “கல்யாணத்தன்னைக்கு யாருக்குத் தெரியும்? ஆண்டவனாப் பாத்து மறைச்சு வச்சான்” என்று மாப்பிள்ளையின் தகப்பனார் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் ஆண்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் திரும்பி வந்தது. ஆள் இல்லை என்று முத்திரை குத்தி, கப்பலிலேயே வந்தது. கடைக்கு வந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். நான் ஜுரத்தில் வீட்டில் படுத்திருந்ததால் தபால்காரர் தெரிந்த வீடு என்று நேராகக் கொண்டுவந்து மதினி கையில் கொடுத்துவிட்டார். மதினி என் பாய் அருகில் வந்து உட்கார்ந்து, “நான் சொன்ன காயிதம் போலருக்கே. படி தம்பி, கேக்குறேன்” என்றார். நான் என் எழுத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத அவருடைய வார்த்தைகளைச் சொன்னேன். காது அன்று வாங்கி வைத்திருந்தது அப்படியே இருந்தது. ஒரு சொல் தப்பவில்லை. முடித்ததும் கடிதத்தை வாங்கி மடித்துத் தன் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அண்ணன் திதியன்று, படையல் முடிந்து எல்லாரும் போன பிறகு, பெட்டியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு வருவார். “படி தம்பி.” யுத்தம் வந்தது, அரிசிக்கு வரிசையில் நின்றோம், அப்பா போனார், எனக்குக் கல்யாணம் ஆனது. திதி தப்பினாலும் படிப்பது தப்பவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு வாரத்துக்கு முன்பே எனக்குச் சோறு இறங்காது. ஒரு சொல் மாறிவிட்டால்? போன வருஷம் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசம் வந்துவிட்டால்? கடையிலிருந்து நடந்து வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். பெட்டியில் இருக்கிற அந்தத் தாள் எவர் கையிலாவது கிடைத்து, தங்கச்சி மாமியார் வீட்டில் தெரிந்து, அவள் வாழ்வுக்கு ஒன்று வந்துவிட்டால்? அவள் பிள்ளைக்கு அம்மை போட்டபோதும், மச்சான் கிணற்றில் தவறி விழுந்து பிழைத்தபோதும், அந்த ஆரத்தித் தட்டுத்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

போன தை மாதம் மதினி காலமானார். காரியம் முடிந்து பெட்டியைத் தங்கச்சி திறந்தாள். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். அவள் அந்தத் தாளை எடுத்துப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினாள்.

“இந்தாண்ணே, உன் காயிதம்.”

“என் காயிதமா?”

“பின்ன? முதல் பிரசவத்துக்கு வந்தப்பவே மதினி என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாக. ‘தம்பி படிக்கிறப்ப கண்ணு தாள்ல நிக்கவே இல்ல, என்ன எழுதியிருக்குன்னு பாரு’ன்னாக. படிச்சேன். ரெண்டு பேரும் அழுது முடிச்சோம். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் அன்னைக்கே சொல்லிட்டேன்.”

“மச்சான் என்ன சொன்னாரு?”

“‘உங்க அண்ணன் வாயைத் திறந்திருந்தா நான் இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேனே’ன்னாரு. அந்த மனுசனுக்கு எதுதான் கேலியில்ல?”

முப்பது வருஷத்துக்கு மேல் நான் காத்த ரகசியம் அது. “என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொல்ல வேணாம்னுட்டாக. ‘தெரிஞ்சா அவன் படிக்கிறத நிறுத்திருவான். நான் சொன்னது அந்தத் தாள்ல இல்லடி, அவன் வாயிலதான் இருக்கு’ன்னாக.”

எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. அவர் அண்ணனுக்குச் சொன்ன கடைசி வார்த்தைகள் உலகத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதை அழித்தவனும் நான்தான், வைத்திருந்தவனும் நான்தான். வருஷத்துக்கு ஒரு நாள் அதை என்னிடமிருந்து வாங்கிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒன்பது நாளுக்காக என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம். இப்போது சென்னையில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர் என்கிறார்கள், தங்கச்சி மகன் போய்வந்து சொல்கிறான். சாப்பாட்டுத் தட்டை எடுப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்களாம். எனக்கு வயதாகிறது. இப்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்க்கும்போது நடுவில் ஒரு இடத்தில் தட்டுகிறது. அதனால், அன்றைக்கு எழுத வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

‘இங்க எல்லாரும் சொகம். வெள்ளிக்கிழம நம்ம புள்ளைக்குக் கல்யாணம். பந்தக்கால் ஊண்டியாச்சு. மாமா உங்களைத் தேடுறாரு, சொல்ல மாட்டேங்குறாரு. நீங்க அனுப்புன சீலையத்தான் கட்டப் போறேன். செவலை கன்னு போட்டிருக்கு, காளங்கன்னு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது. உங்க மொகம் எனக்கு முன்ன மாதிரி ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது. கை ஞாபகம் இருக்கு, நடை ஞாபகம் இருக்கு. மொகந்தான் தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி ஆடுது. ஒரு போட்டோ புடிச்சு அனுப்புங்க. காசு பாக்காதீக. சிரிக்கச் சொன்னாச் சிரிக்க வேணாம், எப்பவும் போல இருங்க.’

இதற்குப் பிறகு இன்னொரு வரியும் சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, “அது வேணாம் தம்பி, அதை எழுதாத” என்றார். எழுதவில்லை.